மகளின் படத்துக்குள் மறைத்தது

ஷூ கம்பெனியின் டிசைன் அறையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டச்சப் என்பார்கள். வயதில் சின்னவர்களுக்கு டச்சப் சார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் ஒரு கையில் டப்பா மூடியும் இன்னொரு கையில் மவுஸுமாக மகளின் போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். முகத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவார். பின்னால் தொங்கும் துணிக்கொடியை அழிப்பார். அந்த அறையில் இருந்த மாதிரி நிறம் பிசகாத பெரிய திரை வீட்டில் கிடையாது. அதனால் வீட்டிலிருந்து மெயிலில் படம் வரும், சரி செய்ததும் மெயிலிலேயே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

இது ஊரறிந்த ரகசியம். முதலாளியம்மாவே தன் அப்பா அம்மாவின் மங்கிப்போன கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்திருக்கிறார். அதை அவர் பளிச்சென்று ஆக்கித் தந்த நாளிலிருந்து, அறைக்குள் வந்தால் முதல் கேள்வி "சிட்டு எப்படி இருக்கா?" என்பதுதான். சிட்டு என்பது மகளுக்கு அவர் வைத்த செல்லப் பேர்.

அவருடைய வேலை பள்ளிப் பிள்ளைகளின் ஷூவுக்கு சோல் வரைவது. மழையில் ஓடுகிற பிள்ளை வழுக்கி விழாமல் இருக்க எந்த இடத்தில் எவ்வளவு பள்ளம் வேண்டும், குதிகால் எங்கே தேயும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பக்கத்து மேசையில் ஒரு பெண். மேல்பாகம், தையல், பட்டை எல்லாம் அவள் வேலை. இவர் சோல் முடிக்காமல் அவள் மேல்பாகத்தைத் தொட முடியாது. அவளுக்கு இவர் அண்ணா. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு ஷூ என்று அறையில் கேலி செய்வார்கள்.

கம்பெனியில் காவல் கெடுபிடி அதிகம். போனை வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் சொருகினால் வேலை செய்யாது. மெயிலில் டிசைன் ஃபைல் எதையாவது இணைத்தால் அது வாசல் தாண்டாமல் நின்றுவிடும். குடும்ப போட்டோ மட்டும் போகும். அதை யாரும் தடுக்கவில்லை.

அவருடைய மனைவியின் அண்ணனுக்குச் சின்னதாக ஒரு ஷூ பட்டறை இருந்தது. ஆர்டர் இல்லாமல் பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. இந்த மச்சான் லேசுப்பட்டவர் இல்லை. சிட்டு குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியே கதியென்று இவர்கள் கிடந்தபோது, பட்டறையை மூடிவிட்டு ராப்பகலாக ஓடியாடியவர் அவர்தான். அதை இவரும் மறக்கவில்லை, மச்சானும் மறக்கவிடவில்லை.

"எங்கண்ணன் நமக்காக எவ்வளவு ஓடினாரு. தொழில் தெரிஞ்சவரு, நீங்க ஒரு யோசனையாச்சும் சொல்லக்கூடாதா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவள் கேட்டது யோசனையைத்தான்.

மச்சான் கேட்டது வேறு. "மாப்ளே, மேல்பாகமெல்லாம் நம்ம பசங்க தச்சுடுவாங்க. சோல்தான் கைக்கு வரமாட்டேங்குது. நீ வரைஞ்ச ஒண்ணைக் காட்டு. பாக்கறதுக்குத்தான். பாத்து ஒரு ஐடியா வந்தாப் போதும்."

"வெளிய எடுத்துட்டு வர முடியாது மச்சான். சோதனை பலம்."

"உனக்கா வழி தெரியாது?"

வழி அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் கேடு. போட்டோ சம்பந்தமாக எதையோ இணையத்தில் படிக்கப்போய், படத்துக்குள் படத்தை ஒளித்து வைக்கலாம் என்று அவர் முன்பே படித்திருந்தார். கம்ப்யூட்டரில் ஒரு போட்டோ என்பது லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் எண்கள் உண்டு. அந்த எண்ணில் கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டினாலோ குறைத்தாலோ கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அத்தனை புள்ளிகளின் கடைசி இலக்கங்களிலும் ஒரு வரைபடத்தைப் பாலில் சர்க்கரை மாதிரிக் கரைத்துவிடலாம். பாஸ்வேர்ட் தெரிந்தவர் திரும்பப் பிரித்தெடுப்பார். மற்றவர்களுக்கு அது வெறும் போட்டோ. பிரவுசரிலேயே இதைச் செய்து தரும் இலவசக் கருவி ஒன்றும் இருந்தது.

முதலில் அவர் எடுத்தது, முன்பல் விழுந்த சிட்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று சிரிக்கும் படம். சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல் முகத்துக்கு வெளிச்சம் கூட்டினார். பிறகு ஒரு சோலின் வரைபடத்தை அந்தச் சிரிப்புக்குள் கரைத்து வீட்டுக்கு அனுப்பினார். மெயில் போய்விட்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரி மட்டும் எட்டிப் பார்த்து, "அய்யோ, பொக்கை வாயி! அழகா இருக்காண்ணா" என்றாள்.

வீட்டிலிருந்து அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் மச்சானுக்குத் தள்ளினார். "உள்ள ஒண்ணுமே இல்ல மாப்ளே, உன் பொண்ணுதான் சிரிக்கிறா" என்று மச்சான் போன் செய்தார். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது, சுருக்கும்போது கடைசி இலக்கங்கள் கலைந்துபோகின்றன என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. படத்தைச் சுருங்காமல் மெயிலில் அனுப்பினார்.

பாக்கறதுக்குத்தான் என்று தொடங்கியது அச்சு வார்க்கிற அளவுக்குப் போயிற்று. ஒன்று கொடுத்தவருக்கு அடுத்ததை மறுக்க வாய் வரவில்லை. வெற்றுச் சுவரை விட இலை, கூழாங்கல், புல்தரை மாதிரி கசகசவென்று இருக்கும் இடத்தில் மறைப்பது பத்திரம் என்று எங்கோ படித்தார். அதன்பிறகு விடுமுறை நாளில் மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ப் புதருக்கு முன்னால் நிறுத்தினார். "வெயில் அடிக்குதுப்பா" என்று அவள் சிணுங்கினாள். "ஒரே ஒண்ணுடா. நல்லா சிரி" என்றார்.

பள்ளி திறக்கும் பருவம் வந்தது. கம்பெனியின் புது ஷூ கடைக்குப் போவதற்கு முன்பே, அதே சோலோடு வேறு பேரில் ஒரு ஷூ கடைகளில் தொங்கியது. மேனேஜர் அதில் ஒன்றை வாங்கிவந்து அறை நடுவே மேசையில் கவிழ்த்துப் போட்டார். எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை.

விசாரணை பக்கத்து மேசையில் போய் நின்றது. அவளுடைய பிள்ளைக்கு அம்மை போட்டிருந்த சமயத்தில், மேனேஜரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு அவள் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்திருந்தாள். சோல் ஃபைல்களை வெளியிலிருந்து திறந்தது அவள் ஒருத்திதான். அனுமதி கொடுத்த மேனேஜர் இப்போது, சரியாக நினைவில்லை என்றார்.

அவள் டச்சப் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா. சோல் அளவு பாக்காம நான் எப்படி மேல்பாகம் வரைய முடியும்? அதுக்குத்தானே திறந்தேன்?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். உண்மையை முழுதாகக் கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் அவளை விட்டால் அடுத்து தன் மேசைக்குத்தான் வருவார்கள் என்ற நினைப்பு அவரை முந்திக்கொண்டது.

"அவங்க எதை எதைத் திறந்தாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார்.

போலீஸ் வேண்டாம், நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். மேசையைக் காலி செய்து பையில் போட்டுக்கொண்டு, கிளம்பும்போது இவர் பக்கம் வந்து, "வரேண்ணா. உங்களுக்கும் சங்கடமாத்தான் இருந்திருக்கும்" என்றாள். இவர் மேல் அவளுக்குத் துளிச் சந்தேகம் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவியிடம் பூசி மெழுகினார்.

மச்சானிடம், இனிமேல் ஆகாது என்று சொல்லத்தான் போனார்.

"அட, இப்பத்தான் பத்திரம் மாப்ளே. பழி வேற எடத்துல விழுந்துடுச்சே. உன்னை யார் பாக்கப் போறா?" என்றார் மச்சான்.

அந்தப் பேச்சைக் கேட்டுக் கூசியது. கூசிய பிறகும் அவர் இன்னொரு வரைபடம் அனுப்பினார். பின்னாளில் யோசிக்கும்போது அவரால் தாங்க முடியாமல் போனது இதைத்தான். முதல் படத்தை நன்றிக்காக அனுப்பினேன் என்று தனக்குள் சமாதானம் சொல்லலாம். அவள் போன பிறகு அனுப்பியதற்கு என்ன சமாதானம்?

அவரைக் காட்டிக்கொடுத்ததும் அந்தக் கடைசிப் படம்தான். பக்கத்து மேசைக்காரி போன பிறகு வரைந்த சோலும் மச்சானின் ஷூவில் வந்துவிட்டது. அப்படியானால் அவள் இல்லை, ஆள் இன்னும் உள்ளேயே இருக்கிறார் என்று முதலாளியம்மாவுக்கு விளங்கியது. காதும் காதும் வைத்த மாதிரி கம்ப்யூட்டர் பாதுகாப்பு சோதிக்கிற ஒரு பெண்ணை வரவழைத்தார். அந்தப் பெண் சில நாட்கள் மூலையில் ஒரு மேசையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வெளியே போன மெயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டச்சப்புக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் போட்டோவில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது என்று தைரியப்படுத்திக்கொண்டார்.

ஒரு மத்தியானம் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியம்மா, மேனேஜர், சோதனைக்கு வந்த பெண். சுவரில் பெரிதாகப் பொக்கை வாய் சிட்டு. பக்கத்தில் அதே சிட்டு இன்னொரு தடவை. முதலாளியம்மாவுக்கு இன்னும் எதுவும் சொல்லப்படவில்லை போலிருக்கிறது. படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இது எப்ப எடுத்தது? இப்ப பல்லு முளைச்சிருக்குமே?" என்றார்.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாக இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"இடப்பக்கம் இருக்கறது இவங்க வீட்லேர்ந்து வந்த படம். வலப்பக்கம் இங்கேர்ந்து திரும்பிப் போனது. ரெண்டுமே நம்ம மெயில் சர்வர்ல அப்படியே இருக்கு" என்றாள் அந்தப் பெண். "ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணைக் கழிச்சுப் பாத்தேன்."

திரையில் கறுப்புப் பரப்பு வந்தது. சிட்டுவின் முகம் இருந்த இடத்தில் வெளிச்சம் கூட்டிய தடம் தெரிந்தது. அதைச் சுற்றி, மேலிருந்து கீழ்வரை, மணலை வாரி இறைத்த மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

"அது... கலர் சரி பண்ணினேன்" என்றார் டச்சப்.

"முகத்துலதான் சரி பண்ணியிருக்கீங்க சார். இந்தச் சுவரை நீங்க தொடவே இல்ல. தொடாத சுவர் ஏன் கலைஞ்சிருக்கு? அதுவும் கடைசி இலக்கம் மட்டும்?" அவள் அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "யாரும் தேடாத வரைக்கும்தான் இது பத்திரம். ஒருத்தருக்குத் தேடணும்னு தோணிட்டா, மறைச்ச இடம் தானாத் தெரிஞ்சுடும். நீங்க பிரவுசர்ல திறந்த கருவியிலயே போட்டுப் பாத்தேன், ஒரு பாஸ்வேர்ட் கேக்குது. நீங்களே சொல்லிட்டா நல்லது."

டச்சப் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பாவை வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

பதில் சொன்னது முதலாளியம்மாதான். "சிட்டுன்னு" என்றார் மெதுவாக.

அந்தப் பெண் தட்டினாள். சிட்டுவின் படத்துக்குள்ளிருந்து சோல் வரைபடம் விரிந்தது. ஓரத்தில் இவர் போட்ட அளவுகள், இவர் வழக்கமாக வைக்கும் குறி. அடுத்து புதருக்கு முன்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற சிட்டு. அதற்குள்ளிருந்தும் ஒன்று. ஒவ்வொரு சிரிப்பாகப் பிரித்துப் பிரித்து எடுத்தார்கள். அவர் கூனிக்குறுகி நின்றார். அந்த இடத்தில் தன் மகளைப் பார்க்கத் தனக்கே தகுதியில்லை என்பது போலக் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டார்.

முதலாளியம்மா சத்தம் போடவில்லை. "அந்தப் பொண்ணை நான் அனுப்பிட்டேனே" என்றார். அதன்பின், "அன்னைக்கு நீங்களும் அங்கதானே இருந்தீங்க? அவ உங்ககிட்டதானே கேட்டா?"

"ஆமாங்கம்மா."

"எனக்குப் பண்ணினதுக்குச் சட்டப்படி என்ன உண்டோ அது நடக்கும். அது வேற. முதல்ல அவ வீட்டுக்குப் போயி உங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் போறேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு எனக்கும் தெரியல."

வேலை அப்போதே போய்விட்டது. நடுப்பகலில் வீட்டு வாசலில் வந்து நின்ற கணவனைப் பார்த்ததும் மனைவிக்குத் திக்கென்றது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"எம்புள்ள மூஞ்சிக்குள்ள வச்சாண்ணே திருடச் சொன்னே?"

"நான் டிசைன்தான் கேட்டேன். அவரு எதுல வச்சு அனுப்புறாருன்னு எனக்கென்னம்மா தெரியும்? பொண்ணு படம் வந்துச்சு, பாத்தேன், எடுத்துக்கிட்டேன்" என்றார் மச்சான்.

"போனை வை" என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, "அண்ணனைக் கேட்டுக்கறது இருக்கட்டும். அந்தப் பொண்ணு நம்ம வீட்ல சாப்பிட்டிருக்கு. அது உங்களை நம்பிக் கேக்கும்போது கைய விரிச்சிருக்கீங்க" என்றாள். அத்தோடு உள்ளே போய்விட்டாள். திட்டித் தீர்த்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மகளுக்கு எப்படிச் சொல்வது என்று அவர்கள் யோசிப்பதற்குள் பள்ளி விட்டு அவளே வந்துவிட்டாள். மூச்சுக் காட்டாமல் இருந்த வீட்டைப் பார்த்து, என்ன ஏது என்று துருவித் துருவிக் கேட்டாள். இனி மறைக்க அவருக்குத் தெம்பில்லை. சொன்னார். அவள் பல் முளைத்து, உயர்ந்து, நாலும் புரிகிற வயதுக்கு வந்திருந்தாள்.

"அப்போ என்னைச் சிரிக்கச் சொன்னதெல்லாம் அதுக்குத்தானாப்பா?"

இல்லடா என்று சொல்லத்தான் வாய் போனது. பூங்காவும் வெயிலும் நினைவுக்கு வந்தன. "எல்லாம் இல்ல. சிலது அதுக்குத்தான்" என்றார்.

"எது எது?"

அவர் போனில் படங்களைத் திறந்து காட்டினார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். அவள் அழவில்லை. எழுந்துபோய் யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவர் பக்கத்து மேசைக்காரியின் வீட்டுக்குப் போனார். தெருமுனை வரை போய்த் திரும்பினார், மறுபடியும் போனார். கதவைத் திறந்தவள், "வாங்கண்ணா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று உள்ளே கூப்பிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளையின் சின்னச் சட்டைகள் நாற்காலியில் குவிந்திருந்தன. அவற்றை ஒதுக்கி இடம் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை.

சொல்லி முடித்ததும் அவள் சட்டை ஒன்றை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் வீட்டுக்கு வந்து அழுதப்ப எங்க மாமியார் என்ன கேட்டாங்க தெரியுமா? ஒண்ணும் பண்ணாமலா அனுப்புவாங்கன்னு கேட்டாங்க. இவரும் சும்மா இருந்துட்டாரு. இத்தனை மாசமா நான் இந்த வீட்ல திருடி" என்றாள். குரல் உயரவில்லை. "இருங்க. அவங்களைக் கூப்பிடறேன். எங்கிட்ட சொன்னதை அப்படியே அவங்ககிட்டயும் சொல்லுங்க."

மாமியார் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கணவன் வேலைக்குக் கிளம்பப் பாதி போட்ட சட்டையோடு வந்தான். டச்சப் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். முதல் தடவை சொன்னதை விட இது கடினமாக இருந்தது. "அவங்க ஒரு தப்பும் பண்ணலைங்க. எனக்குத் தெரிஞ்சே அவங்க மேல பழி விழ விட்டேன்" என்று முடித்தபோது, மாமியார் அவரைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தார். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கையிலிருந்து வாங்கித் தான் மடிக்கத் தொடங்கினார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் டச்சப்.

"அது இப்ப என்னால முடியாது. அண்ணான்னு கூப்பிடவும் இனிமே வாய் வராது" என்றாள் அவள். "தண்ணியைக் குடிச்சுட்டுப் போங்க. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க."

அவர் குடித்தார்.

முதலாளியம்மா அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போனார். உடனே திரும்பி வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். யோசித்து, டிசைன் அறைப் பொறுப்பு முழுவதையும் தன்னிடம் கொடுத்தால் வருகிறேன் என்றாள். கொடுத்தார்கள். எழுத்தில் அனுமதி இல்லாமல் யாரும் எதையும் வெளியிலிருந்து திறக்கக்கூடாது என்பது அவள் போட்ட முதல் உத்தரவு. முதலாளியம்மா போட்ட வழக்கில் டச்சப் நடந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். மச்சானின் பட்டறையிலிருந்த சோல் அச்சுகளைக் கோர்ட் ஆட்கள் வந்து உடைத்தார்கள். மச்சான் இன்றுவரை இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவியும் போய்ப் பார்க்கவில்லை.

டிசைன் வேலை இனி யார் தருவார்கள்? அலைந்து திரிந்து, கடைப் பலகையும் பேனரும் அச்சடிக்கிற ஒரு சின்னக் கடையில் கேட்டார். கடைக்காரர் பழைய வேலையைப் பற்றிக் கேட்டபோது, சொந்த ஊருக்குப் போய்விட்டேன், உடம்பு சரியில்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னார்.

கடைக்காரர் மையெல்லாம் அப்பிய கையால் தாடையைச் சொறிந்தார். "இங்க எடுத்துட்டுப் போறதுக்கு என்னய்யா இருக்கு? இந்தப் பேனரெல்லாம் நாளைக்கு ரோட்ல தொங்கப்போறதுதான், எல்லாரும் பாத்துக்கட்டும். காலையில நேரத்துக்கு வந்து ஷட்டரைத் தூக்குங்க."

கம்பெனி பஸ் வருகிற சாலையை அவர் இப்போதும் தவிர்க்கிறார். சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார். பழைய ஆட்கள் யாராவது எதிரே வந்தால் பக்கத்துக் கடையில் எதையோ விசாரிப்பது போல நின்றுவிடுவார். மகள் அவரோடு பேசுகிறாள். பாடம் கேட்கிறாள், சண்டை போடுகிறாள். ஆனால் கேமராவைப் பார்த்தால் எழுந்து போய்விடுவாள். அவரும் எடுப்பதில்லை.

வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நடந்ததை முதல்லயே அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "முழுசா சொன்னீங்களா? அந்தப் பொண்ணு விஷயமும்?"

"அதைத்தான் முதல்ல சொன்னேன்."

அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். பிறகு, "கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.